வெப்லி ரிவால்வர்: ஒவ்வொரு முத்திரைக்கும் பின்னால் ஒரு காரணம்

பழைய துப்பாக்கிகள் ஏலத்துக்கு வரும் மேலை நாடுகளில் ஒரே ஆண்டில், ஒரே தொழிற்சாலையில் பிரிட்டிஷ் ராணுவத்துக்காகச் செய்த இரண்டு வெப்லி மார்க் 6 ரிவால்வர்கள் அருகருகே கிடக்கும். ஒன்றின் விலையைவிட மற்றதன் விலை வெகுவாகக் குறைவாக இருக்கும். தேய்மானம் இல்லை, உடைசல் இல்லை, மேற்பூச்சும் நன்றாகத்தான் இருக்கும். விலை குறைந்த துப்பாக்கியின் சிலிண்டரைக் கழற்றிப் பின்பக்கத்தைப் பார்த்தால் காரணம் தெரிந்துவிடும். அங்கே ஒரு மெல்லிய தகட்டின் கனம் அளவுக்கு உலோகத்தைச் சீவி எடுத்திருப்பார்கள். அதோடு வரிசை எண்ணின் ஒரு பகுதியும் போயிருக்கும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிரிட்டனின் உபரித் துப்பாக்கிகள் ஏராளமாக அமெரிக்காவுக்குப் போயின. வெப்லிக்கு உரிய .455 தோட்டா (எண் குறிப்பது அங்குலத்தில் அதன் குறுக்களவை) அங்கே எளிதில் கிடைக்கவில்லை. கிடைத்ததெல்லாம் அமெரிக்க ராணுவப் பிஸ்டலுக்கான .45 தோட்டா. அந்தத் தோட்டாவுக்கு அடிவிளிம்பு வெளியே நீட்டிக்கொண்டிருக்காது. அதனால் பிறைநிலா வடிவத் தகட்டுக் கவ்வியில் மூன்று மூன்றாகச் செருகித்தான் ரிவால்வரில் போட முடியும். கவ்விக்கு இடம் வேண்டுமே என்று சிலிண்டரின் பின்முகத்தைக் கடைந்துவிட்டார்கள். இப்படிச் சீவப்பட்ட வெப்லிகளின் எண்ணிக்கை மிக அதிகம் என்பதால், சீவப்படாத ஒன்றைக் கண்டால் சேகரிப்பாளரின் முகம் மலர்கிறது. விலையைவிட முக்கியமான பாதிப்பும் இதில் உண்டு. அந்த .45 தோட்டா எழுப்பும் அழுத்தம், வெப்லி எந்தத் தோட்டாவுக்காக வடிவமைக்கப்பட்டதோ அதன் அழுத்தத்தைவிடக் கணிசமாக அதிகம். சிலிண்டர் வெடித்த துப்பாக்கிகளும் உண்டு.

இந்த ஒரு சிறு மாற்றத்தைச் சொல்லித் தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது. வெப்லியின் வரலாறு முழுக்க இப்படிப்பட்ட சிறு மாற்றங்களால் ஆனது. அதன் வடிவங்களை மார்க் 1, மார்க் 2 என்று எண்ணைச் சொல்லிப் பட்டியலிடுவது எளிது. ஆனால் அந்த எண் ஏன் மாறியது, எந்தக் குறை தெரிந்தபோது எந்தப் பாகம் திருத்தப்பட்டது என்று கேட்டால்தான் இந்தத் துப்பாக்கி பேசத் தொடங்கும்.

ஒரு சொல் விளக்கம். தமிழில் ரிவால்வர், பிஸ்டல் இரண்டையும் கைத்துப்பாக்கி என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். மணியாச்சியில் 1911இல் ஆஷ் துரையைச் சுட வாஞ்சிநாதன் பயன்படுத்தியது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் பிஸ்டல். அதையும் ரிவால்வர் என்று எழுதியவர்கள் உண்டு. ரிவால்வரில் தோட்டாக்கள் உருளும் சிலிண்டரின் அறைகளில் இருக்கும். விசையை இழுக்கும்போது சிலிண்டர் ஓர் அறை அளவு சுழலும், பின்னாலிருந்து குதிரை என்னும் சிறு சுத்தி பாய்ந்து தோட்டாவின் அடியைத் தட்டும். பிஸ்டலில் தோட்டாக்கள் கைப்பிடிக்குள் இருக்கும் பெட்டியில் அடுக்கப்பட்டிருக்கும். சுட்டவுடன் அடுத்த தோட்டா தானாக மேலே ஏறும்.

வெப்லி வருவதற்கு முன் பிரிட்டிஷ் ராணுவத்திடம் இருந்தது என்ஃபீல்டு அரசுத் தொழிற்சாலையில் செய்த ரிவால்வர். 1880இல் வந்தது, 1882இல் திருத்தம் பெற்றது. சுட்டு முடித்த வெற்றுக் கூடுகளை வெளியே தள்ள அதில் ஒரு விநோதமான ஏற்பாடு இருந்தது. குழலைக் கீழே சாய்த்தால் சிலிண்டர் முன்னோக்கி நகரும். கூடுகள் பின்னால் தங்கி உதிர வேண்டும். அடியில் இருக்கும் கூடு மட்டும் பல நேரங்களில் உதிராமல் சிக்கிக்கொண்டது. போர்க்களத்தில் ஒரு கூட்டை விரலால் நோண்டி எடுக்க வேண்டிய நிலை வந்தால் அந்தத் துப்பாக்கியை யார் நம்புவார்கள்?

பர்மிங்ஹாமில் இருந்த பிலிப் வெப்லி அண்ட் சன் நிறுவனத்தின் தீர்வு எளிமையானது. துப்பாக்கியின் இடப்பக்கம் கட்டைவிரல் எட்டும் இடத்தில் ஒரு நெம்பு. அதைத் தள்ளினால் மேலே லாடம்போல் வளைந்து குழலைப் பிடித்திருக்கும் கொளுவி விலகும். குழலை மடக்கினால் சிலிண்டரின் நடுவிலிருந்து நட்சத்திர வடிவத் தகடு எழுந்து ஆறு கூடுகளையும் ஒன்றாகத் தூக்கி எறியும். முழுதாக மடக்கியதும் தகடு தானே உள்ளே அமர்ந்துவிடும். குதிரையில் ஏறி அமர்ந்த வீரன் ஒரு கையில் கடிவாளத்தைப் பிடித்தபடியே இதைச் செய்யலாம். கொளுவி சரியாகப் பூட்டப்படாவிட்டால் துப்பாக்கியின் குதிரை தோட்டாவை எட்டாது. பாதி திறந்த துப்பாக்கி சுடாது. இந்தக் கொளுவிதான் வெப்லியின் உயிர் என்பேன். பிற்காலத்தில் எத்தனை மாற்றங்கள் வந்தாலும் இதை யாரும் தொடவில்லை.

1887 நவம்பரில் ராணுவம் இதை ஏற்றது. முதல் ஒப்பந்தம் 10,000 துப்பாக்கிகளுக்கு, ஒன்றின் விலை 3 பவுன் 1 ஷில்லிங் 1 பென்னி. முதல் எட்டு மாதங்களில் 2,000 தந்தாக வேண்டும் என்பது நிபந்தனை. நான்கு அங்குலக் குழல், பறவை அலகுபோல் வளைந்த கைப்பிடி, ஆறு அறைகள். இதுவே மார்க் 1.

பயன்பாட்டில் முதல் குறை வெளிப்பட்டது. தோட்டாவின் அடிப்பக்கம் துப்பாக்கியின் உடலான சட்டத்தின் பின்சுவரில் மோதி மோதி, குதிரையின் ஊசி வெளியே வரும் துளையைச் சுற்றி உலோகம் தேய்ந்தது. பழுதுபார்க்க வந்த துப்பாக்கிகளில் அந்த இடத்தில் கடினமாக்கிய எஃகுத் தகடு ஒன்றைப் பொருத்தி, மார்க் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறியை அடித்தார்கள். பிரிட்டிஷ் ராணுவ வழக்கில் நட்சத்திரம் என்றால் புது வடிவம் அல்ல, இருந்ததில் திருத்தம். 1894இல் வந்த மார்க் 2 இந்தத் தகட்டோடேயே பிறந்தது. குதிரையும் கைப்பிடி வடிவமும் சற்று மாறின. மார்க் 3 சிலிண்டரைக் கழற்றும் அமைப்பை மட்டும் திருத்தியது. 1899இல் வந்த மார்க் 4 வெளித்தோற்றத்தில் முந்தையதைப் போலவே இருக்கும், ஆனால் எஃகு தரமானது, சிலிண்டரின் அச்சு குழலோடு நிலையாகப் பொருத்தப்பட்டது. தென்னாப்பிரிக்காவில் போயர் போர் நடந்த காலம் அது. இன்றும் சேகரிப்பாளர்கள் அதைப் போயர் போர் வெப்லி என்றே அழைக்கிறார்கள்.

பழுதுபார்ப்புப் பட்டறைகள் சேகரிப்பாளருக்குத் தந்த தலைவலி கொஞ்சநஞ்சமல்ல. மார்க் 1 சட்டத்தில் பிற்கால மார்க்கின் குழலும் சிலிண்டரும் பொருத்தி, ஒன்றோ இரண்டோ நட்சத்திரங்களை அடித்து மறுபடி படைக்கு அனுப்பினார்கள். இப்படிப்பட்ட துப்பாக்கியைக் கலப்படம் என்று ஒதுக்குவது தவறு. திருத்தியது ராணுவமே என்றால் அதுவும் வரலாறுதான். சட்டத்திலும் குழலிலும் சிலிண்டரிலும் இருக்கும் எண்கள் பொருந்துகின்றனவா, பொருந்தாவிட்டால் அந்தப் பொருந்தாமைக்கு நட்சத்திரமோ ஆய்வாளர் முத்திரையோ சாட்சி சொல்கிறதா என்று பார்க்க வேண்டும். சாட்சி இருந்தால் அது பட்டறை வேலை. இல்லையென்றால் பிற்காலத்தில் யாரோ இரண்டு உடைந்த துப்பாக்கிகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறார்கள்.

துப்பாக்கியைப் போலவே தோட்டாவும் மாறிக்கொண்டே இருந்தது. கரிமருந்தில் தொடங்கிய .455, 1890களில் புகை குறைந்த கார்டைட் மருந்துக்கு மாறியது. கார்டைட்டுக்கு அவ்வளவு நீளமான கூடு தேவைப்படவில்லை என்பதால் 1897இல் கூட்டைக் குட்டையாக்கினார்கள். அடுத்த ஆண்டு வந்த மூன்றாம் வகைத் தோட்டாவின் குண்டு முனையில் குழிந்திருந்தது; உடலில் பட்டதும் விரிந்து பெரிய காயம் செய்யும் நோக்கம். கல்கத்தாவை அடுத்த டம்டம் ஆயுதச்சாலையில் செய்யப்பட்ட விரியும் ரைஃபிள் குண்டுகளின் பெயர் உலகெங்கும் பழிச்சொல்லாகப் பரவிய ஆண்டுகள் அவை. 1899இல் ஹேக் மாநாடு இத்தகைய குண்டுகளைத் தடைசெய்தது. 1900இல் இந்தத் தோட்டா படையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. இன்று கொல்கத்தா விமான நிலையத்தில் இறங்குபவர்கள் இறங்குவது அந்த டம்டமில்தான்.

மார்க் 5க்குக் காரணமும் வெடிமருந்தே. புதிய நைட்ரோ செல்லுலோஸ் மருந்தின் வேகத்தைத் தாங்க சிலிண்டரை ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் அகலமாக்கினார்கள். 1913 டிசம்பரில் ஒப்புதல் கிடைத்தது. சில மாதங்களில் உலகப் போர் வெடித்தது. 1915 மே மாதத்திலேயே மார்க் 6 வந்துவிட்டதால் மார்க் 5 வாழ்ந்த காலம் மிகக் குறுகியது. அதனால்தான் இன்று அது கிடைப்பது அரிது. தோற்றத்தில் எந்தக் கவர்ச்சியும் இல்லாத ஒன்று, உற்பத்திக் காலம் குறைந்ததால் மட்டுமே மதிப்புப் பெற்றிருக்கிறது.

மார்க் 6தான் எல்லோரும் படங்களில் பார்த்திருக்கும் வெப்லி. ஆறு அங்குலக் குழல், பறவை அலகு போய்ச் சதுரமான பெரிய கைப்பிடி, எடை ஏறத்தாழ 1.1 கிலோ. பதுங்குகுழிச் சேற்றில் கையுறையோடு பிடித்தாலும் நழுவாத கைப்பிடி அது. சட்டத்தின் இடப்பக்கம் வெப்லி என்ற பெயர், மார்க் எண், காப்புரிமைக் குறிப்பு, கீழே ஆண்டு என வரிசையாகப் பொறித்திருப்பார்கள். மொத்தம் சுமார் 3 லட்சம் செய்யப்பட்டதாகக் கணக்கு. 1921 முதல் 1926 வரை என்ஃபீல்டு அரசுத் தொழிற்சாலையும் இதைச் செய்தது. அவற்றில் வெப்லி பெயருக்குப் பதில் கிரீடமும் என்ஃபீல்டு பெயரும் இருக்கும். எண்ணிக்கை குறைவு, செய்நேர்த்தி போர்க்காலத்தை விட மேல். இரண்டும் ஒன்றுதானே என்று கேட்பவருக்கு, கையில் எடுத்து விசையை மெதுவாக இழுத்துப் பாருங்கள் என்பதுதான் பதில்.

போரில் வெப்லியால் மட்டும் தேவையை ஈடுகட்ட முடியவில்லை. அமெரிக்காவின் கோல்ட், ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனங்களிடம் .455 அளவில் ரிவால்வர்கள் வாங்கினார்கள். ஸ்பெயினின் எய்பார் ஊரிலிருந்தும் வாங்கினார்கள். காரட்டே அனிதுவா, ட்ரோகாவோலா அரன்சாபால் என்ற இரு பட்டறைகள் செய்த மடக்கு ரிவால்வர்களுக்கு ராணுவம் வைத்த பெயர் 'பழைய வடிவம்'. வெப்லியை எதிர்பார்த்து வந்தவர் இவற்றைப் பார்த்து ஏமாறுவார். எனக்கோ, ஒரு பேரரசு ஆயுதப் பஞ்சத்தில் யார் கதவையெல்லாம் தட்டியது என்பதற்கு இவற்றைவிட நல்ல ஆவணம் இல்லை.

மார்க் 6உடன் வந்த துணைக்கருவிகள் தனி உலகம். பிரிடோ என்பவர் காப்புரிமை பெற்ற கருவி ஆறு தோட்டாக்களையும் ஒரே அழுத்தில் சிலிண்டருக்குள் இறக்கும். கேப்டன் ஆர்தர் பிரிட்சர்ட் வடிவமைத்து, கிரீனர் நிறுவனம் செய்த துப்பாக்கிமுனைக் கத்தி 1916இல் வந்தது. பழைய பிரெஞ்சு ரைஃபிள் கத்தியின் அலகை வெட்டிப் பொருத்தியது. ராணுவம் அதை ஏற்கவில்லை, அதிகாரிகள் சொந்தக் காசில் வாங்கினார்கள். அசல் மிகச் சிலவே என்பதால் போலிகள் ஏராளம். விற்பனைக்கு வரும் பிரிட்சர்ட் கத்திகளில் பெரும்பாலானவை போலி என்ற சந்தேகத்தோடு தொடங்குவதே நல்லது.

சொந்தக் காசு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். அந்த நாளில் பிரிட்டிஷ் அதிகாரிகள் தங்கள் கைத்துப்பாக்கியைத் தாங்களே வாங்க வேண்டியிருந்தது. அது அரசுத் தோட்டாவைச் சுட வேண்டும் என்பது மட்டுமே கட்டுப்பாடாக இருந்தது. இதனால் ராணுவ மார்க் எண்களுக்கு வெளியே வெப்லி செய்த ரிவால்வர்கள் பல வகை. நிக்கல் பூசியவை, குறிபார்த்துச் சுடும் போட்டிகளுக்கான நீண்ட குழல் உள்ளவை, கடைக்காரரின் பெயர் பொறித்தவை. இந்தியாவுக்குக் கிளம்பும் அதிகாரிகளும் அரசு ஊழியர்களும் வாங்கும் பெரிய இடமாக ஆர்மி அண்ட் நேவி கூட்டுறவுக் கடை இருந்தது. அதன் பெயர் பொறித்த வெப்லிகளுக்கு இன்று தனி மதிப்பு. சென்னை மவுண்ட் ரோட்டில் கடிகாரத்துக்கும் நகைக்கும் பெயர்போன பி. ஆர் அண்ட் சன்ஸ் கடைகூட அந்த நாளில் வேட்டைத் துப்பாக்கிகள் விற்றது. அந்தப் பெயர் பொறித்த துப்பாக்கிகள் வெளிநாட்டு ஏலங்களில் இன்றும் தலைகாட்டுகின்றன.

நிறுவனப் பெயரும் காலம் காட்டும். 1897இல் வெப்லி, ஸ்காட், எல்லிஸ் என்ற மூன்று பர்மிங்ஹாம் குடும்பத் தொழில்கள் இணைந்தன. 1906இல் பெயர் வெப்லி அண்ட் ஸ்காட் என்று சுருங்கியது. எந்தப் பெயர் எப்படிப் பொறித்திருக்கிறது என்று பார்த்தாலே எந்தக் காலத் துப்பாக்கி என்று ஓரளவு சொல்லிவிடலாம். இவற்றோடு அரசின் அகன்ற அம்புக்குறி. அம்புக்குக் கீழே ஆங்கில 'ஐ' எழுத்து இருந்தால் இந்திய அரசின் சொத்து. இரண்டு அம்புகள் முனையோடு முனை தொட்டிருந்தால் அரசு விற்றுவிட்ட பொருள். இந்த இரட்டை அம்பு இல்லாமல் வெளியே போன ராணுவத் துப்பாக்கி எந்த வழியாகப் போனது என்ற கேள்வி எழும்.

வெப்லியின் மிக விநோதமான குழந்தை ஃபாஸ்பரி. வங்காளப் படையில் பணியாற்றி, 1863இல் வடமேற்கு எல்லையில் நடந்த அம்பேலா போரில் விக்டோரியா சிலுவை பெற்ற ஜார்ஜ் ஃபாஸ்பரியின் யோசனை அது. சுடும்போது எழும் எதிருதைப்பே மேற்பாதியைப் பின்னுக்குத் தள்ளும். சிலிண்டரின் வெளிப்பக்கத்தில் வெட்டிய கோணல்மாணலான பள்ளங்களில் ஒரு முளை ஓடி சிலிண்டரைத் திருப்பிவிடும். தானியங்கும் ரிவால்வர்! 1901இல் விற்பனைக்கு வந்தது. போட்டி மைதானத்தில் புகழ் பெற்றது; சேறும் மணலும் புகுந்தால் பள்ளங்கள் அடைத்துக்கொள்ளும் என்பதால் ராணுவம் அதை ஏற்கவே இல்லை. 5,000க்கும் குறைவாகவே செய்யப்பட்டது. இன்று வெப்லி குடும்பத்தில் விலையுயர்ந்தவற்றில் அதுவும் ஒன்று.

முதல் போர் முடிந்ததும் .455 மிகப் பெரியது, புதிதாகச் சேர்ந்தவருக்குப் பழக்குவது கடினம் என்று ராணுவம் முடிவுசெய்தது. 13 கிராம் எடையுள்ள குண்டோடு .38 அளவில் சிறிய ரிவால்வர் வேண்டும் என்றது. வெப்லி தன் .38 மார்க் 4 வடிவத்தைத் தந்தது (போயர் போர் மார்க் 4 வேறு). ராணுவம் அதைப் பரிசோதித்துவிட்டு, மிகவும் ஒத்த ஒன்றை என்ஃபீல்டு தொழிற்சாலையில் வடிவமைத்து 1932 வாக்கில் ஏற்றுக்கொண்டது. தங்கள் உழைப்புக்கு 2,250 பவுன் வேண்டும் என்று வெப்லி வழக்குப் போட்டது, தோற்றது. பிறகு கண்டுபிடிப்பாளர்களுக்குப் பரிசளிக்கும் அரசு ஆணையம் 1,250 பவுன் வழங்கியது. அந்தத் தொகையே வெப்லியின் பக்கம் நியாயம் இருந்ததைச் சொல்லிவிடுகிறது என்பது என் கருத்து.

என்ஃபீல்டு எண் 2 என்று பெயர் பெற்ற அந்த .38 ரிவால்வரின் கதையிலும் காரணங்கள் தெளிவு. டாங்கிப் படையினரின் துப்பாக்கிக் குதிரையின் வால் வண்டிக்குள் கண்ட இடங்களில் மாட்டியது. 1938இல் வாலை வெட்டிவிட்டார்கள், அதற்கு ஒரு நட்சத்திரம். 1942இல் உற்பத்தியை வேகப்படுத்த உள்ளே இருந்த குதிரைத் தடுப்பையும் நீக்கினார்கள், இரண்டாம் நட்சத்திரம். கீழே விழுந்தால் தானே சுடும் ஆபத்து தெரிந்ததும் அவற்றைத் திரும்பப் பெற்றுத் தடுப்பை மறுபடி பொருத்தினார்கள். இரட்டை நட்சத்திரத்தோடு மாறாமல் தப்பிய ஒன்று அதனால்தான் அபூர்வம்.

இரண்டாம் உலகப் போர் நெருக்கடியில் அரசு, தான் வழக்கில் தோற்கடித்த அதே வெப்லியிடமே மறுபடி வந்து .38 மார்க் 4ஐ வாங்கியது. மெருகேற்ற நேரமில்லை, கடைசல் கீறல்கள் அப்படியே தெரிந்தன. தங்கள் பெயர் தாங்கிய துப்பாக்கி இப்படிப் போகிறதே என்ற வருத்தம் வெப்லிக்காரர்களுக்கு இருந்திருக்க வேண்டும். சட்டத்தில் 'போர்க்கால முடிப்பு' என்ற பொருளில் இரண்டு ஆங்கிலச் சொற்களை முத்திரையாக அடித்தார்கள். வெப்லி முத்திரைகளிலேயே என் மனதை மிகவும் தொடுவது இதுதான். இந்தக் கீறல்களைத் தேய்த்துப் பளபளப்பாக்கி நீலம் பூசி விற்பவர்கள் இருக்கிறார்கள். தொழிலாளியின் அந்த வாக்குமூலத்தையே அழிக்கிறார்கள். பழைய துப்பாக்கியில் துருவை நிறுத்தலாம், எண்ணெய் இடலாம், தேய்க்கக் கூடாது.

.455 வெப்லி 1947இல் பிரிட்டிஷ் படையிலிருந்து ஓய்வுபெற்றது; .38 வகைகள் 1963 வரை நீடித்தன. ஸ்காட்லாந்தின் டன்பிளேன் பள்ளியில் 1996இல் நடந்த படுகொலைக்குப் பிறகு பிரிட்டன் கைத்துப்பாக்கிகளைத் தடைசெய்தது. வரலாற்று மதிப்புள்ளவற்றுக்கு மட்டும் கடும் நிபந்தனைகளோடு விலக்கு கிடைத்தது. மீதி பெருமளவில் அரசிடம் ஒப்படைக்கப்பட்டன.

இந்தியாவில் நிலைமை வேறு. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் வந்த விதிகள் .380 (அதாவது ராணுவ .38), .455 தோட்டாக்களைச் சுடும் ரிவால்வர்களைத் தடைசெய்யப்பட்ட அளவுகளில் சேர்த்தன. ராணுவத் தோட்டா தனியார் கைக்குப் போகக் கூடாது என்பது நோக்கம். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் வைத்துக்கொள்ளக்கூடிய துப்பாக்கிகள் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்தன. மேலை நாட்டுப் பாணியில் மார்க் 1 முதல் மார்க் 6 வரை அடுக்கி வைக்கும் சேகரிப்பு இங்கே சாத்தியமில்லை. அம்பும் 'ஐ'யும் பொறித்த வெப்லியைப் பற்றி நாம் பெரும்பாலும் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆனால் வடிவம் இங்கிருந்து போய்விடவில்லை. தனியார் உரிமத்துக்கு .38 கிடையாது என்பதால் அதே வெப்லி மார்க் 4 அமைப்பை .32 அளவுக்குச் சுருக்கிக் கான்பூர் அரசுத் தொழிற்சாலை பல்லாண்டுகளாகச் செய்துவருகிறது. 2014இல் பெண்களுக்கென்று 'நிர்பீக்' என்ற பெயரில் அரைக் கிலோ எடையில், ஏறத்தாழ 1.22 லட்சம் ரூபாய் விலையில் வந்த ரிவால்வரும் அந்த வரிசைதான். அதை மடக்கித் திறக்க, இடப்பக்கத்தில் கட்டைவிரல் எட்டும் இடத்தில் ஒரு நெம்பைத் தள்ள வேண்டும்.